தரிபாவின் பழைய குழிகள் எதைத் தேடின

கனிமவளம் பற்றிய ஒரு கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அனுபவமுள்ள ஒரு சுரங்கப் பொறியாளர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது. ராஜஸ்தானின் பழைய ஈயச் சுரங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன சார் தெரியும்? மேல பளபளன்னு தெரிஞ்சதைத் தோண்டினாங்க, தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் போயிட்டாங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். "இருநூறு மீட்டர் ஆழத்துல என்ன சார் பளபளன்னு தெரியும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது. அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைத்தால் விட்டுவிடலாம். ஆனால் நிலவியல் படித்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறோம். நிலவியல் வரைபடத்தில் பழைய சுரங்கம் என்றால் ஒரு சின்னக் குறி, அறிக்கையில் 'இங்கே பழங்காலக் குழிகள் உண்டு' என்று ஒரு வரி, அதற்குமேல் யாரும் எழுதுவதில்லை. அந்தக் குழி எந்தப் பாறையில் நுழைந்தது, எங்கே திரும்பியது, எதை எடுத்தது, எதைத் தொடாமல் விட்டது என்பதெல்லாம் நிலத்தைத் துளைத்து எடுக்கும் ஒரு பாறைத்தண்டு தருகிற அளவுக்குத் தகவல் என்பது என் எண்ணம். அதிலும் ஈயச் சுரங்கமாக இருந்தால், அந்தத் தகவல் நேராக ஆண்டிமனி என்ற தனிமத்திடம்தான் கொண்டுபோய் விடுகிறது. எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலைமேல் துரு, மலைக்குள் மரம்

தாதுச் சுற்றுலா என்று முதுகலை மாணவர்களை ராஜஸ்தானுக்கு அழைத்துப்போவது பல நிலவியல் துறைகளில் வழக்கம். ஜாவர், கேத்ரி, தரிபா என்று ஒரு சுற்று. அப்படிப் போனபோதுதான் ராஜ்புரா-தரிபாவை முதலில் பார்த்தேன். ராஜ்சமந்த் மாவட்டத்தில், உதய்பூருக்கு வடகிழக்கே இருக்கிறது. ஊரை நெருங்கும்போதே ஒரு மேடு கண்ணில் படும், பழுப்பும் கறுப்பும் செங்காவியுமாக, சுற்றியுள்ள வயல்களோடு ஒட்டாத நிறத்தில். அதுதான் கோசான். கீழே இருக்கும், உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு தாது மழையிலும் காற்றிலும் சிதைந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போனபின், மிஞ்சிய இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் இறுகி நின்ற மேடு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் பாறையைப் பற்றி இருக்கிறது, சரிதான். ஆனால் அந்த மேட்டின் பக்கவாட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் பள்ளங்கள்தான் என்னை நிறுத்தின.

இந்தக் காலத்துச் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டு போனவர்கள், தங்களுக்கு முன்பே யாரோ வந்துபோன வெற்றிடங்களுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்திருக்கிறார்கள். 200 மீட்டருக்கும் கீழே. உள்ளே முட்டுக்கொடுத்த மரங்கள் மக்கிப்போகாமல் இருந்தன. அந்த மரங்களைக் கார்பன் முறையில் காலம் கணித்தபோது கி.மு. முதல் ஆயிரத்தாண்டு என்று வந்தது. தெற்கே ஜாவரிலும் இதே மாதிரி பழைய குடைவுகள் உண்டு. அங்கே பாறைச்சுவர் வழவழவென்று வளைந்திருக்கும். பாறைமேல் விறகை அடுக்கி எரித்து, சூட்டில் வெடிக்கவைத்து உடைத்த தடம் அது. வெடிமருந்து கிடையாது. புகையை வெளியேற்ற வேண்டும், ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோக வேண்டும், மேற்சுவர் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். இவ்வளவு பாட்டையும் ஒருவன் ஏதோ மின்னியது என்பதற்காகப் படமாட்டான். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, அது எங்கே தொடர்கிறது என்றும் தெரிந்திருக்கிறது.

வேண்டியது என்ன? ஈயம் என்பது சுலபமான பதில். ஆனால் ஈயத்துக்காக மட்டும் இவ்வளவு ஆழம் போவது கட்டுபடியாகாது. தரிபாவிலும் ராஜஸ்தானின் இன்னொரு சுரங்க ஊரான ஆகூச்சாவிலும் பழைய சுரங்க வேலைகளை ஆராய்ந்தவர்கள் வெள்ளியைத்தான் முக்கிய நோக்கமாகச் சொல்கிறார்கள். ஈயத் தாதுவான கலீனாவுக்குள் வெள்ளி கொஞ்சம் ஒளிந்திருக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாக் கலீனாவிலும் ஒரே அளவில் இருக்காது. ஒரே சுரங்கத்தில் ஒரு மூலையில் டன்னுக்குச் சில கிராம் இருக்கும், இன்னொரு மூலையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன், ஆனால் அது உண்மையில் உறைத்தது வேறொரு நாளில்.

இரண்டும் இரண்டும், ஒன்றும் மூன்றும்

துறையின் பழைய சேகரிப்பில் 'தரிபா' என்று மட்டும் எழுதி ஒட்டிய ஒரு மெருகேற்றிய தாதுத் துண்டு இருந்தது. யார் எடுத்தது, எந்த மட்டத்தில் எடுத்தது, ஒன்றும் இல்லை. மாணவர்களுக்குக் கலீனாவைக் காட்டுவதற்காக அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பிரதிபலிப்பு ஒளியில் கலீனாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நல்ல வெள்ளையாக இருக்கும், மெருகேற்றும்போது துணுக்குகள் பெயர்ந்து விழுந்த இடத்தில் வரிசையாக முக்கோணக் குழிகள் தெரியும். காட்டி முடித்தாயிற்று. அப்புறம் குறுக்குத் தளவிளைவில், அதாவது ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு இடையில், அது எப்படி இருண்டுபோகிறது என்று காட்டுவதற்காக இரண்டாவது வடிகட்டியைத் தள்ளினேன். கலீனா இருண்டது. துண்டை வைத்த மேடையைச் சுழற்றினாலும் இருட்டு மாறாது, அதன் படிக அமைப்பு அப்படி. ஆனால் அந்த இருட்டுக்குள்ளே புழுப்புழுவாகச் சில துணுக்குகள், மேடை சுழலச் சுழல வெளிச்சமாகின, மங்கின, மறுபடி வெளிச்சமாகின. கொஞ்சம் தள்ளி கலீனாவின் விளிம்பை ஒட்டி ஒரு சாம்பல் பட்டை, அதுவும் அப்படியே. சாதாரண ஒளியில் பார்த்தபோது இவை கலீனாவோடு கலீனாவாகத் தெரிந்தவை. லேசான ஒரு நிற வேறுபாடு மட்டும்தான், அதையும் பழகாத கண் தவறவிட்டுவிடும்.

அவை சல்ஃபோசால்ட்டுகள். ஈயம், ஆண்டிமனி, கந்தகம், கூடவே பல சமயம் வெள்ளி, செம்பு, ஆர்சனிக் எல்லாம் சேர்ந்து உண்டாகும் கனிமங்களுக்கான பொதுப்பெயர். ஜியோக்ரோனைட், ஓவைஹீட், டெட்ராஹெட்ரைட் என்று தரிபாவில் பதிவானவற்றின் பட்டியலே நீளம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பெயர்களைப் படித்திருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கும் ஆண்டிமனிக்கும் உள்ள கணக்கு அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு நிகழ்வாகப் புரிந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. கலீனாவில் ஒவ்வொரு ஈய அயனிக்கும் மின்சுமை இரண்டு. வெள்ளி அயனிக்கு ஒன்று. அளவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தான், ஆகவே இடம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் ஈயம் உட்கார்ந்த இடத்தில் வெள்ளி மட்டும் போய் உட்கார்ந்தால் சுமையில் ஒன்று குறையும், படிகம் அதைத் தாங்காது. ஆண்டிமனிக்கு மூன்று. இரண்டு ஈயத்தை எடுத்துவிட்டு ஒரு வெள்ளியையும் ஒரு ஆண்டிமனியையும் வைத்தால், இரண்டும் இரண்டும் நான்கு, ஒன்றும் மூன்றும் நான்கு. கணக்கு சரியாகிவிட்டது. பிஸ்மத்தும் ஆண்டிமனியின் வேலையைச் செய்யும், அது வேறு வகைச் சுரங்கங்களின் கதை. ஆக, ஆண்டிமனி இல்லாத இடத்தில் கலீனா வெள்ளியைப் பெரிய அளவில் உள்ளே விடாது. சூடாக இருக்கும்போது, சுமார் 400 டிகிரிக்கு மேல், இந்த ஜோடியைக் கலீனா தாராளமாகவே ஏற்கும். ஆறும்போது இடம் நெருக்கடியாகி வெளியே தள்ளும். அப்படித் தள்ளப்பட்டவைதான் இருட்டுக்குள் மினுக்கிக்கொண்டிருந்த அந்தத் துணுக்குகள்.

இதை மாணவர்களிடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கும்போதுதான், தரிபாவின் பள்ளங்கள் நினைவுக்கு வந்தன. வெள்ளியைத் தொடர்ந்து போனவன் ஆண்டிமனியைத்தான் தொடர்ந்து போயிருக்கிறான். அவன் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கத் தேவையில்லை. அவன் போன பாதை, அந்த மலைக்குள் ஆண்டிமனி எங்கே சேர்ந்திருந்தது என்பதன் ஒரு வரைபடம்.

மனிதனுக்கு முன்பே உருகியது

அடுத்த கேள்வி, ஆண்டிமனி ஏன் சில இடங்களில் மட்டும் சேர்ந்தது? தரிபாவின் தாது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவானது. பிளவுகள் வழியே வந்த சூடான உப்புநீர் ஈயம், துத்தநாகம், இரும்பு எல்லாவற்றையும் சல்ஃபைடாக, கரிமச் சேற்றோடும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் போன்ற பாறையோடும் சேர்த்துப் படியவைத்தது. அந்தக் கரிமச் சேறுதான் இன்று கிராஃபைட் கலந்த, ஏடு ஏடான சிஸ்ட் பாறை, கையில் எடுத்தால் விரல் கறுக்கும். படிந்தபோது ஆண்டிமனி அந்தப் படுகை முழுவதும் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு மலையாக்கம் நடந்தது. மொத்தப் படிவும் ஆழத்துக்குப் போய் மடிந்து, ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி வரை சூடானது.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கலீனா உருக 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டுக்கு இன்னும் அதிகம். ஆனால் ஆண்டிமனி சல்ஃபைடு 550 டிகிரியிலேயே உருகிவிடும், ஈயத்தோடும் ஆர்சனிக்கோடும் சேர்ந்தால் அதற்கும் முன்பே. வெயிலில் வைத்த எள்ளுருண்டையில் எள் அப்படியே இருக்க வெல்லம் மட்டும் இளகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறதே, தாதுப் படிவும் அந்த மாதிரிதான். பெரும்பகுதி திடமாகவே இருக்க, ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் வெள்ளியும் செறிந்த ஒரு சிறு பங்கு மட்டும் உருகி, அழுத்தம் குறைந்த பக்கமாக, மடிப்புகளின் வளைவுக்கும் விரிசல்களுக்கும் பிழியப்பட்டுப் போகும். தரிபாவில் இப்படி நடந்திருக்கிறது என்று கனிமங்களின் சேர்க்கையைக் காட்டி வாதிட்டு இந்திய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உருகவில்லை, சூடான நீர்தான் கரைத்துக் கொண்டுபோனது என்று சொல்பவர்களும் உண்டு. உலக அளவில் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு உருகல் கட்சிதான் நியாயமாகப் படுகிறது, நீர் மட்டுமே காரணம் என்றால் அந்த நீரின் சுவடு சுற்றுப்பாறையில் இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம் கேள்விக்கு இரண்டில் எது உண்மையானாலும் சரி. இரண்டிலுமே ஆண்டிமனி நகர்ந்திருக்கிறது, வெள்ளியையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் இதை இன்னும் பெரிய அளவில் பார்க்கலாம். 1883-இல் சார்ல்ஸ் ராஸ்ப் என்ற வேலிக்காவலர் ஒரு கறுத்த குன்றின் கல்லைத் தகரத் தாது (வெள்ளீயத் தாது) என்று நினைத்து எடுத்துவந்த இடம். உலகின் மிகப் பெரிய ஈய-துத்தநாக-வெள்ளிப் படிவுகளில் ஒன்று அது. அங்கே தாது தரிபாவைவிட அதிகச் சூட்டுக்கு ஆளானது. முக்கியத் தாதுவிலிருந்து பக்கத்துப் பாறைக்குள் கிளைபோல நுழையும் நாளங்களை அங்கே டிராப்பர் என்பார்கள், அவற்றில் வெள்ளியும் ஆண்டிமனியும் செறிந்து கிடக்கும். அருகிலுள்ள கான்சோல்ஸ் சுரங்கத்தில் டிஸ்கிரசைட் கிடைத்தது. ஈயமே இல்லாமல் வெள்ளியும் ஆண்டிமனியும் மட்டும் சேர்ந்த கனிமம், பெரிய பெரிய கட்டிகளாக. இந்த ஜோடி எவ்வளவு தூரம் ஒன்றாகவே பயணம் செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தாது படிந்தபின் இப்படிச் சூடாகி உருமாறாத இடங்களிலும் ஆண்டிமனி ஓரத்துக்குத்தான் போகிறது, ஆனால் காரணம் வேறு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிரானைட்டுக்குப் பக்கத்தில் தகரமும் செம்பும், கொஞ்சம் தள்ளி ஈயமும் துத்தநாகமும், போர்ட் ஐசக் கடற்கரைப் பக்கம் ஆண்டிமனி. சூடான கரைசல் ஆற ஆற ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு வந்ததில் ஆண்டிமனி கடைசி வரை கூடவே வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அங்கே ஈயமும் ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்த போர்னோனைட் கிடைத்தது, பற்சக்கரம் போன்ற அதன் படிகங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

நெருப்பிடம் கேட்டவர்கள்

சரி, நுண்ணோக்கி இல்லாத ஒருவன் எந்தக் கல்லில் வெள்ளி அதிகம் என்று எப்படித் தெரிந்துகொண்டான்? நெருப்பில் போட்டுப் பார்த்துத்தான். கல்லை உருக்கி ஈயமாக்கி, அந்த ஈயத்தை எலும்புச் சாம்பல் போன்ற ஒன்றின்மேல் வைத்து, காற்றை ஊதி ஊதிச் சூடாக்கினால் ஈயம் ஆக்சைடாகிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். நடுவில் வெள்ளி மட்டும் ஒரு முத்தாக நிற்கும். எடைபோட்டால் தரம் தெரிந்துவிடும். இன்றைய ஆய்வகங்களிலும் தங்கம் வெள்ளியின் தரத்தை நிச்சயிக்க இதே முறைதான் இன்னும் நம்பிக்கையானது.

அந்த அடுப்பில் ஆண்டிமனி தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்காது. எங்கள் காலத்தில் செய்முறை வகுப்பில் ஊதுகுழல் சோதனை உண்டு, இப்போது பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். கரிக்கட்டையில் சின்னக் குழி தோண்டி, தாதுப் பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயை அதன்மேல் செலுத்த வேண்டும். ஈயம் இருந்தால் கரியின்மேல் மஞ்சள் படலம் படியும். ஆண்டிமனி இருந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை எழுந்து, வெள்ளைப் படலம் படியும். ஈயத்தைச் சுத்தம் செய்யும்போதும் முதலில் ஆக்சைடாகி மேலே ஏடு கட்டுவதில் ஆண்டிமனி உண்டு. தலைமுறை தலைமுறையாக உலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள், வெண்புகை அதிகம் கக்கும் கல்லில் வெள்ளி முத்து பெரிதாக நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. அது உள்ளே தோண்டுகிறவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் அந்தக் கல் வந்த பக்கமே திரும்பியிருப்பான்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மேற்பரப்புக்குப் பக்கத்தில் மழைநீர் வெள்ளியைக் கரைத்துக் கீழே இறக்கிச் செறிவாக்கும், பழைய ஆட்கள் எடுத்தது அந்தச் செறிவைத்தான், ஆண்டிமனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். ஆழமில்லாத குழிகளுக்கு அது பொருந்தும். ஆனால் மழைநீரின் அந்த வேலை பொதுவாக நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். 200 மீட்டருக்குக் கீழே முட்டுமரம் வைத்துப் போனவன் பெரும்பாலும் அதைத் தாண்டிய தாதுவைத்தான் பார்த்திருப்பான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இன்று நாம் தரிபாவின் தாது என்று அளந்து எழுதிவைத்திருப்பது, அவர்கள் எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியதை. வெள்ளியும் ஆண்டிமனியும் மிகச் செறிந்த பகுதிகள் முதலில் போய்விட்டன. மீதியில் எடுத்த மாதிரிகளின் சராசரியைப் போட்டு, படிவு உருவானபோது இவ்வளவு ஆண்டிமனி இருந்தது என்று கணக்கிட்டால் அது குறைத்துத்தான் காட்டும். பழைய வெற்றிடங்களின் கன அளவையும் அவற்றின் சுவரில் ஒட்டியிருக்கும் தாதுவையும் சேர்க்காமல் அந்தக் கணக்கு முழுமையாகாது.

இப்போது ஏன் இது

ஒரு காலத்தில் தமிழ் அச்சகங்களில் கோத்த ஈய எழுத்துகள் தேயாமல் நின்றதற்கு அதில் கலந்த ஆண்டிமனிதான் காரணம், வெறும் ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும். இன்றைக்கும் வண்டி பேட்டரியின் ஈயத் தகட்டில் பல சமயம் அது உண்டு, தீப்பிடிக்காத பிளாஸ்டிக்கிலும் துப்பாக்கி ரவையிலும் உண்டு. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் ஆண்டிமனி இருக்கிறது. 2024-இல் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலை எகிறியது. உடனே எல்லோரும் புது இடம் தேடுகிறார்கள். எனக்கோ முதலில் பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவுக் குவியல்களில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வெள்ளிக்காக ஆண்டிமனி நிறைந்த கல்லை மேலே கொண்டுவந்து, உடைத்து, பொறுக்கி, உருக்கி, வேண்டாததைக் கொட்டிய இடங்கள் அவை. அங்கே ஆண்டிமனி இல்லாமலா போகும்? வணிகரீதியாகக் கட்டுபடியாகும் அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய காரணம். டோலமைட் நிறைந்த நிலத்தில் சிதைந்த கலீனாவின் ஈயம் கார்பனேட்டாக மாறி அதே இடத்தில் உட்கார்ந்துவிடும், அவ்வளவு சுலபத்தில் கிணற்றுக்குப் போகாது. ஆண்டிமனியின் குணம் வேறு. ஒரு பங்கு ஈயத்தோடு சேர்ந்து மஞ்சள் பொடியாகக் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதி, காற்றுபட்டு ஆக்சைடானபின், அமிலமில்லாத நீரிலும் கரைந்து நகரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். பழைய குவியலுக்குப் பக்கத்தில் கிணற்றுநீரை எடுத்து ஈயம் மட்டும் பார்த்து, குறைவு, பிரச்சினையில்லை என்று எழுதிவிட்டுப் போவது போதாது. இந்த வருடம் தாதுச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட மாணவர்களிடம் மாதிரிப் படிவத்தைக் கொடுத்தபோது ஈயம், துத்தநாகம், வெள்ளி என்று அச்சிட்ட மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஆண்டிமனிக்கு ஒரு பத்தியைக் கையாலேயே கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். கல்லுக்கும் சரி, தண்ணீருக்கும் சரி. பழைய குழி கண்ணில் பட்டால் அது எந்தப் பாறையில், எந்தத் திசையில் போகிறது என்று எழுத அதே தாளின் பின்பக்கம் இருக்கிறது.